முப்பத்தொரு மாதிரிப் பைகள்

எதையும் கடிதமாக எழுதினால்தான் வளர்மதிக்கு அது நடந்ததாகவே தோன்றும். உத்திரமேரூரில் பன்னிரண்டாவது படித்தபோது கடிதம் எழுதும் கேள்விக்குப் பத்துக்குப் பத்து வாங்கியவள். அந்தப் பத்து மதிப்பெண் இருபது வருஷமாகியும் அவளை விடவில்லை. மோட்டார் ரூம் சாவியைத் தொலைத்த கணவன் சின்னராசுவுக்கே, 'பொருள்: சாவி தொடர்பாக' என்று எழுதிச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தவள்.

ஆகவே, ஐந்து பெண்கள் சேர்ந்து சத்துமாவு செய்யும் மகளிர் குழுவுக்கு அவள் செயலாளர் ஆனதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. வளர்மதி வீட்டின் பின்பக்கத்து அறைதான் குழுவுக்குக் கிடங்கு. கேழ்வரகையும் கம்பையும் பயறையும் வெயிலில் காயவைப்பது எல்லம்மாள். வறுப்பது பவளம். மில்லில் அரைத்து வந்ததைச் சலித்துப் பாக்கெட் போடுவது மற்ற இருவர். எழுதுவது வளர்மதி.

ஏனாத்தூரில் ஒரு பெண்கள் விடுதி மாதம் நாற்பது கிலோ கேட்டிருந்தது. வார்டன் நிஷா சனிக்கிழமை நேரில் வந்து இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொல்வதாகப் பேச்சு. அக்கம்பக்கத்தில் அரைக் கிலோ, ஒரு கிலோ என்று விற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய ஆர்டர் வந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை எல்லம்மாள் ஒரு பாக்கெட்டைப் பிரித்தாள். மாவு நூல் பின்னிக் கட்டி கட்டியாகக் கிடந்தது. நடுவில் வெள்ளையாக ஒரு புழு நெளிந்தது.

"வளரு, இங்க வந்து பாரு. உன் மாவு நடந்துக்கினு கீது."

வளர்மதி விசாரணையில் இறங்கினாள். ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டாள். காயவைத்தது சரி. அரைத்தது சரி. அப்படியும் புழு உயிரோடு இருக்கிறது என்றால் வறுத்ததுதான் சரியில்லை. வறுத்தது யார்? பவளம். இவ்வளவு சுலபமாக விடை வருகிற கணக்கை இன்னொரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கணக்கில் அவள் வாங்கியது முப்பத்தெட்டு.

அரை மணி நேரத்தில் கடிதம் தயார். 'பொருள்: வறுவல் குறைபாடு – விளக்கம் கோருதல்.' நகலை ரெஜிஸ்டரில் ஒட்டினாள். அசலை எல்லோர் முன்னாலும் பவளத்தின் கையில் கொடுத்தாள்.

"இன்னாக்கா இது? எதிர்ல நின்னுக்கினு லெட்டரா? வாயால கேட்டா சொல்ல மாட்டனா?"

"முறைன்னு ஒண்ணு கீதில்ல?"

"என் சட்டியில எறங்குன பூச்சி உசுரோட எயுந்து வருமா? கம்பு படபடன்னு வெடிக்கிற வரைக்கும் வறுக்கறேன். இந்தா, சூடு பட்ட கையைப் பாரு."

"கை இருக்கட்டும். வறுத்ததை அள்ளிப் போட உங்க வூட்லருந்து எடுத்தாந்த சாக்கு எப்படி இருந்துச்சோ, யாரு கண்டா?"

வாயை மூடுவதற்குள், இது கடிதத்தில் இல்லாத வரி என்று வளர்மதிக்கு உறைத்துவிட்டது. பவளத்தின் வீடு காலனியில் இருந்தது. 'உங்க வூடு' எங்கே போய்க் குத்தும் என்று அந்த அறையில் இருந்த யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பவளம் கரண்டியைக் கீழே வைத்தாள். கடிதத்தை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

புதன், வியாழன் இரண்டு நாளும் கிடங்கு தலைகீழானது. பழைய மாவு முழுவதையும் குழி தோண்டிப் புதைத்தார்கள். டிரம்களைக் கழுவி, ஈரம் போகக் காயவைத்தார்கள். சுவர் விரிசலைச் சிமெண்ட் வைத்து அடைத்தார்கள். தானிய மூட்டைகளை வெயில் காட்டி, சூடு ஆறிய பிறகு பலகை மேல், சுவரைத் தொடாமல் அடுக்கினார்கள். நிழலில் உலர்த்திய வேப்பிலையை இடையிடையே போட்டார்கள். வறுக்க ஆளில்லாததால் வளர்மதியே அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். முதல் சட்டி கருகியது. இரண்டாவது பச்சையாக நின்றது. மூன்றாவதிலிருந்து நாலு கம்பு மணி எடுத்து வாயில் போட்ட எல்லம்மாள், "இதுக்கு அந்தப் புழுவே தேவலாம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை, கழுவித் துடைத்த டிரம்மின் மூடியில் ஓர் அந்துப்பூச்சி உட்கார்ந்திருந்தது. வளர்மதி துண்டை ஓங்கினாள். அது பதறாமல் எழும்பி, அறையை ஒரு சுற்றுச் சுற்றி, பரணில் இருந்த அட்டைப்பெட்டிக்குள் சொந்த வீட்டுக்குப் போவதுபோல் நுழைந்தது.

இரண்டு நாள் சுத்தத்திலும் அந்தப் பெட்டியை மட்டும் யாரையும் தொட விடவில்லை அவள். "அது ஆபீஸ் ரெக்கார்டு" என்று சொல்லியிருந்தாள். ஒவ்வொரு தடவை மாவு அரைத்ததும் ஒரு கைப்பிடி எடுத்துப் பையில் கட்டி, தேதி எழுதி வைக்கும் மாதிரிப் பெட்டி அது. இறக்கித் திறந்தாள். முப்பத்தொரு பைகள். ஒவ்வொன்றிலும் அவள் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ஒவ்வொரு பையிலும் ஊசியால் குத்தியதுபோல் ஓட்டைகள். இரண்டரை வருஷமாக அந்துப்பூச்சிகள் பேரன் பேத்தி எடுத்துக் குடித்தனம் நடத்தியிருந்தன.

பயிற்சி வகுப்பில் எழுதிய நோட்டைப் புரட்டினாள். 'ஒவ்வொரு முறையும் மாதிரி எடுத்து வைக்க வேண்டும்.' சிவப்பு மையில் மூன்று அடிக்கோடு. அதற்கு அடுத்த வரி: 'காலாவதியானதும் அப்புறப்படுத்த வேண்டும்.' அதுவும் அவள் எழுதியதுதான். அதற்குக் கோடு இல்லை.

யாரும் பார்க்கவில்லை. பெட்டியைக் கொளுத்திவிட்டால் கதை முடிந்தது. ஆனால் ரெஜிஸ்டரில் பவளத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்குமே. மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். மூன்று தாள் கிழிந்தது. மூன்றிலும் பூச்சிதான் குற்றவாளி. வளர்மதி எங்குமே இல்லை. பேனாவை மூடினாள். பெட்டியைச் சாக்கில் போட்டுக் கட்டி, தலையில் தூக்கிக்கொண்டு காலனிக்கு நடந்தாள்.

பவளம் வாசலில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னா, அடுத்த லெட்டரு இவ்ளோ பெருசா?"

வளர்மதி சாக்கை அவிழ்த்தாள். பத்துப் பன்னிரண்டு பூச்சிகள் ஒன்றாகக் கிளம்பின. பவளம் ஒரு பையை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"அடேங்கப்பா! பேரு, தேதி எல்லாம் கரீட்டா போட்டு, வேளாவேளைக்குத் தீனியும் வெச்சி வளத்துக்கீற."

"தப்பு என்மேலதான் பவளம். சாக்கைப் பத்திப் பேசுனது அதைவிடப் பெரிய தப்பு."

பவளம் அரிசி முறத்தை ஓரமாக நகர்த்தினாள். ஒவ்வொரு பையாகப் பிரித்து முற்றத்தில் கொட்டினாள். கோழிகள் ஓடி வந்தன. இரண்டரை வருஷத்து ரெக்கார்டு பத்து நிமிஷத்தில் காலியானது. கடைசிப் பையை உதறிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"நாலு பேர் எதிர்ல கேட்ட. நாலு பேர் எதிர்லயே சொல்லு. எயுதாத, வாயால சொல்லு. அப்புறமா சட்டியத் தொடறேன்."

சனிக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம் என்று வைத்தார்கள். வார்டன் நிஷா ஒன்பதே முக்காலுக்கே வந்து நின்றாள். பவளம் வாசற்படிக்கு வெளியே கை கட்டி நின்றாள், உள்ளே வரவில்லை. நிஷா டிரம்மைத் தட்டிப் பார்த்தாள், மூடியைத் திறந்து முகர்ந்தாள். "பூச்சி கீச்சி வந்திருக்கா?" என்று கேட்டாள்.

எல்லம்மாள் வளர்மதியின் காலை மிதித்தாள். வளர்மதி வாசற்படியைப் பார்த்தாள். கையில் தாள் இல்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாமல், பழக்கதோஷத்தில், "பொருள்..." என்று தொடங்கிவிட்டு நிறுத்தினாள். பிறகு சொன்னாள். பெட்டி, பைகள், பவளத்துக்குக் கொடுத்த கடிதம், சாக்கைப் பற்றிய பேச்சு, எல்லாம். வரிசை மாறியது, வார்த்தை குழறியது. பள்ளியாக இருந்தால் பத்துக்கு இரண்டு கூடத் தேறாது.

நிஷா டிரம் மூடியை இறுக்கி மூடினாள். "முதல் மாசம் பத்துக் கிலோ போடுங்க. ஒவ்வொரு பாக்கெட்டையும் பிரிச்சுப் பாப்பேன். அப்புறம் பேசலாம்" என்றாள்.

நாற்பது பத்தாகிவிட்டது. எல்லம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். பவளம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கருகிய சட்டியைப் பார்த்து முகம் சுளித்து, தேங்காய் நாரை எடுத்துத் தேய்க்க உட்கார்ந்தாள்.

மாதிரிப் பெட்டி இப்போது தகரத்தில், இறுக்கமான மூடியோடு, பவளம் வீட்டில் இருக்கிறது. மூன்று மாதம் முடிந்த பை எதுவானாலும் கோழிக்குப் போய்விடும். ரெஜிஸ்டரில் ஒட்டிய நகலையும் வளர்மதி கிழித்துப் போட்டாள். அசலைத் திருப்பிக் கேட்டபோது மட்டும் பவளம் மறுத்துவிட்டாள்.

"அது மாதிரிக்கு எடுத்து வெச்சது, அக்கா. அதுக்குக் காலாவதி கெடையாது."