அத்தை சொல்ல மறுத்த பாஸ்வேர்ட்

என் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலையில்தான் நாடகக் குழுவின் நிர்வாகி போன் செய்தார். புது நாடகத்துக்கான உடைப் படங்களும் நடிகர்களின் அளவுகளும் மதியம் இரண்டு மணிக்குள் கைக்கு வந்தாக வேண்டும், இல்லையென்றால் வேலை எதிர்க்கடைக்குப் போய்விடும் என்றார். எல்லாம் தயார் என்று நான் ஜம்பமாகச் சொல்லிவிட்டேன். தயார்தான். கம்ப்யூட்டருக்குள் இருந்தது. அதைத் திறக்கிற பாஸ்வேர்ட் மாமியாரின் தலைக்குள் இருந்தது. அந்தத் தலை ஒரு கண்ணில் கட்டோடு தலையணையில் சாய்ந்திருந்தது.

கேட்டால் சொல்லிவிட்டுப் போகிறார், இதில் என்ன கஷ்டம் என்று நினைப்பீர்கள். என் மாமியாரை உங்களுக்குத் தெரியாது.

அவரும் நானும் தையல்காரிகள். எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு தையல் மெஷின்கள் எதிரும் புதிருமாக இருக்கும். நடுவில் துணி வெட்டும் மேசை, ஓரத்தில் கம்ப்யூட்டர். கோட்டும் மேடை உடைகளும்தான் எங்கள் வேலை. அத்தை கம்ப்யூட்டரில் படம் வரைவார், நான் வெட்டுவேன், அவர் குறை சொல்வார். குறிப்பாகக் கைக்குழியில். சட்டையோ கோட்டோ, கையைக் கொண்டுவந்து இணைக்கிற அந்த வளைவு இருக்கிறதே, அதில்தான் எங்களுக்குள் சண்டை. நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு கைக்குழியைக்கூட அவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. இஞ்ச் டேப்பை வைத்து அளப்பார், உதட்டைப் பிதுக்குவார், போய்விடுவார். எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும்.

போன வருடம் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ஏதோ ஒரு கடையில் பழுது பார்க்கக் கொடுத்து வாங்கினோம். கொஞ்ச நாளில் அத்தை வரைந்த உடைகள் பொத்தான் மாறாமல் எதிர்க்கடைக் கண்ணாடிக்குள் தொங்கின. எதிர்க்கடைக்காரனுக்கு நாங்கள் வைத்த பெயர் நகல். அவன் சொந்தமாக யோசித்துத் தைத்தது அவன் கடைத் திரைச்சீலை ஒன்றுதான், அதுவும் கோணல்.

பாஸ்வேர்ட் போட்டுத்தானே வைத்திருந்தோம், எப்படிப் போச்சு என்று நான் குதித்தேன். என் கணவர் அழைத்து வந்த கம்ப்யூட்டர்காரர் பொறுமையாக விளக்கினார். நாங்கள் போட்டிருந்தது வாசல் கதவுக்கான பூட்டு மட்டும்தானாம். உள்ளே ஹார்ட் டிஸ்க் என்று இருக்கிற வட்டைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் எல்லாவற்றையும் சாவகாசமாகப் படிக்கலாமாம். அதற்கு வட்டையே என்கிரிப்ட் செய்ய வேண்டுமாம். அத்தைக்கு அது தலையில் ஏறவில்லை. கம்ப்யூட்டர்காரர் சுற்றிலும் பார்த்துவிட்டு, தைத்த கோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். இதை நூல் நூலாகப் பிரித்து, எல்லா நூலையும் கலைத்துப் போட்டால் யாருக்காவது கோட்டு என்று தெரியுமா, சரியான பாஸ்வேர்டைப் போட்டால் மட்டும் அத்தனை நூலும் அதனதன் இடத்துக்குப் போய் மறுபடி கோட்டாகும், என்கிரிப்ஷன் அவ்வளவுதான் என்றார். அத்தைக்கு அந்த மனிதரை அந்த நிமிடமே பிடித்துப்போய்விட்டது.

பிறந்த தேதி வேண்டாம், பிள்ளை பெயர் வேண்டாம், நீளமான வாக்கியமாக வையுங்கள் என்றார். எப்படிப்பட்ட வாக்கியம் என்று அத்தை கேட்டார்.

"நீங்க இப்படி ஒரு வார்த்தை சொல்லவே மாட்டீங்கன்னு வீட்ல இருக்கிறவங்க சத்தியம் பண்ணணும். அந்த மாதிரி ஒண்ணு வைங்கம்மா."

அத்தை கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு எங்கள் எல்லோரையும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னார். தமிழ் வாக்கியத்தை ஆங்கில எழுத்துகளில், ஒரு விரலால் தேடித் தேடித் தட்டினார். முடிவதற்குள் என் கணவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து தினமும் காலையில் இதே கூத்து. நான் சுவரைப் பார்த்து நிற்பேன், அவர் டொக் டொக்கென்று தட்டுவார், கம்ப்யூட்டர் திறக்கும். திரும்பியதும் முதல் வார்த்தை என் கைக்குழியைப் பற்றித்தான் இருக்கும்.

கம்ப்யூட்டர்காரர் இன்னொன்றும் கொடுத்துவிட்டுப் போனார். பாஸ்வேர்ட் மறந்துபோனால் திறப்பதற்கு எட்டு வரிசையில் ஒரு நீள எண். அது மாற்றுச் சாவி. கம்ப்யூட்டரிலேயே வைக்காதீர்கள், பக்கத்திலும் வைக்காதீர்கள், தொலைக்கவும் தொலைக்காதீர்கள் என்றார். அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. காகிதம் கிழியும், நனையும், பழைய பேப்பரோடு போய்விடும். தையல்காரி துணியைத்தான் நம்புவாள். என் கணவரின் சாம்பல் நிறக் கோட்டு ஒன்று அவருக்கு வயிறு வைத்த நாளிலிருந்து அலமாரியில் சும்மா தொங்கியது. அதன் உள்பக்க லைனிங்கில் எட்டு வரிசையையும் வெள்ளை நூலில் தைத்துவிட்டுக் காகிதத்தை எரித்தேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த மாற்றுச் சாவி இருக்கிற தைரியத்தில்தான் அத்தை இப்போது வீம்பு பிடித்தார். மகனிடமாவது சொல்லுங்கள் என்றால் மாட்டாராம். காகிதத்தில் எழுதுங்கள் என்றால் அதுவும் மாட்டாராம்.

"அதுக்குத்தானே இன்னொரு சாவி இருக்கு. போய் கோட்டை எடு."

அலமாரியைத் திறந்தேன். ஹேங்கர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

என் கணவர் தொண்டையைச் செருமினார். அலுவலக நண்பர் ஒரு நேர்காணலுக்குப் போட்டுக்கொள்ளக் கேட்டாராம், இவர் தாராளமாகத் தூக்கிக் கொடுத்துவிட்டாராம். நான் பார்த்த பார்வையில் மனிதர் உடனே போனை எடுத்தார். நண்பர் நல்லவர். கோட்டு இடுப்பில் பிடித்ததாம், பிரித்துவிடச் சொல்லி எங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று தையல் கடையில் கொடுத்திருக்கிறாராம். எந்தக் கடை என்று நான் கேட்கவே இல்லை. எனக்கு ராசி அப்படி.

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தெருவைக் கடந்து ஓடினேன். நகல் வாய் நிறைய ஊசிகளோடு உட்கார்ந்திருந்தான். கோட்டு ஆணியில் தொங்கியது. பாய்ந்து விரித்தேன். உள்ளே பளபளவென்று புது நீல லைனிங். பழசு நைந்திருந்தது, மாற்றிவிட்டேன், பழசால் மெஷின் எண்ணெயைத் துடைத்துக் குப்பையில் போட்டேன், குப்பை வண்டியும் வந்து போய்விட்டது என்று அவன் ஊசிகளுக்கு நடுவிலேயே சொன்னான். அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஆனா அந்த நம்பர் டிசைன் பிரமாதம், அக்கா. நானும் போட ஆரம்பிச்சுட்டேன்" என்றான்.

கொஞ்சமும் கூச்சமில்லாமல் ஒரு புதுக் கோட்டை எடுத்து விரித்தான். உள்ளே எங்கள் எண், வெள்ளை நூலில், எட்டு வரிசையும். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தத் திருட்டுப் பயலைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கோட்டைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தேன். என் கணவர் படிக்கப் படிக்க நான் தட்டினேன். முதல் வரிசை முடிந்தது. இரண்டாவதைப் படிக்க ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். மூன்றாவதைப் பார்த்தார், நான்காவதைப் பார்த்தார். எட்டும் ஒன்றேதான். எட்டு வேறு வேறு வரிசைகள் பார்க்க ஒழுங்காக இல்லையென்று நகல் முதல் வரிசையையே எட்டுத் தடவை தைத்திருக்கிறான். காப்பியடிப்பதைக்கூட உருப்படியாகச் செய்யத் தெரியாத ஜென்மம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழ வேண்டிய நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். என் கணவரும் ஆரம்பித்தார். உள்ளேயிருந்து அத்தை அங்கே என்ன கும்மாளம் என்று அதட்டினார். சொன்னதும் அவருக்கும் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் கண் கட்டு நனையும் என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். அப்புறம் மணியைப் பார்த்தோம். ஒன்றரை. சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது. பத்திரத்துக்கு நாங்கள் பிரதி எடுத்து வைத்திருந்த இன்னொரு வட்டு இருந்தது, அதற்கும் அதே பாஸ்வேர்ட்தான். ஒரு மாத வேலையும் போய், அடுத்த மாத வேலையும் போகப் போகிறது.

அத்தை எழுந்து வந்தார். எங்களைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டுத் தானே தட்டப் பார்த்தார். கட்டுக்கு மேல் கண்ணாடி மாட்ட முடியாது, கண்ணாடி இல்லாமல் இன்னொரு கண்ணுக்கு எதுவும் தெரியாது. முதல் தடவை தவறு. இரண்டாவது தடவையும் தவறு. இன்னும் ஒரு முறை தவறினால் பூட்டிக்கொள்வேன் என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது. அத்தை கையை மடியில் வைத்துக்கொண்டார். இவ்வளவு சின்ன உருவமா இவருக்கு என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

"நீ வெளியே போ" என்றார் மகனிடம். அவர் போனதும் என்னிடம், "நான் சொல்றேன், நீ தட்டு. திரும்பி என் மூஞ்சியைப் பார்க்கக்கூடாது" என்றார்.

சுவரைப் பார்ப்பது போல நான் கம்ப்யூட்டரையே பார்த்து உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் அத்தையின் குரல் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக வந்தது.

"என் மருமக வெட்டுற கைக்குழி மாதிரி எனக்கு வராது."

என் விரல் நின்றுவிட்டது. தட்டு, மணியாகுது என்றார் அத்தை. தட்டினேன். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன, ஒவ்வொன்றையும் இரண்டு முறை சரிபார்த்துத் தட்டினேன். ஒரு வருடம். தினமும் காலையில் நான் சுவரைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க, இவர் ஒரு விரலால் இதைத்தான் தட்டியிருக்கிறார். தட்டி முடித்துவிட்டு, திரும்பி, கைக்குழி கோணல் என்று சொல்லியிருக்கிறார்.

கம்ப்யூட்டர் திறந்தது. படங்களையும் அளவுகளையும் அனுப்பினேன். கிடைத்துவிட்டது, வேலை உங்களுக்குத்தான் என்று இரண்டு மணிக்கு முன்னாலேயே நிர்வாகியிடமிருந்து பதில் வந்தது. கதவுக்கு வெளியே காதை வைத்திருந்த என் கணவர் தெருவுக்கே கேட்கிற மாதிரி விசில் அடித்தார். நான் திரும்பி அத்தையைக் கட்டிக்கொண்டேன். கண்ணு, கண்ணு, பார்த்து என்று அவர் கத்தினார், ஆனால் என்னைத் தள்ளவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, பாஸ்வேர்ட் வெளியே தெரிந்துவிட்டது, மாற்றியாக வேண்டும் என்றார். இனிமேல் அந்த வாக்கியத்தால் பிரயோசனம் இல்லையாம். வீட்டில் யாரும் சத்தியம் பண்ண மாட்டார்களாம்.

"இந்தத் தடவை நீ வை. நீ சொல்லவே மாட்டேன்னு நான் சத்தியம் பண்ற மாதிரி ஒண்ணு வை" என்று சொல்லிவிட்டு, அத்தை தானாகவே சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எப்போதோ வாய் வரைக்கும் வந்து நான் விழுங்கிய வாக்கியம் ஒன்று இருந்தது. தட்டி முடித்தேன். என்ன வாக்கியம் என்று அத்தை அன்று இரண்டு முறை, இன்றுவரை எத்தனையோ முறை கேட்டுவிட்டார். நான் சொல்லவில்லை, உங்களுக்கும் சொல்ல மாட்டேன். தினமும் காலையில் அவர் சுவரைப் பார்த்து நிற்கும்போது நான் அதைத் தட்டுகிறேன். தட்டிவிட்டு, திரும்பி, உங்கள் காலர் கோணலாக இருக்கிறது அத்தை என்கிறேன்.