ஓநாய்க் குலத்து ஓடை

அலாரம் அலறியதும் மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் சமையலறைப் பக்கம் திரும்பினார்கள். ரொவீனா ரொட்டி பொரித்துக்கொண்டிருந்த சட்டியிலிருந்து கிளம்பிய புகை கூரையை முட்டிக்கொண்டிருந்தது.

"தீயெல்லாம் ஒண்ணுமில்ல! எண்ணெய் கொஞ்சம் அதிகமா காஞ்சுபோச்சு, அவ்வளவுதான்!" என்று கரண்டியும் கையுமாக ஓடி வந்து கத்தினாள்.

"எண்ணெயால வர்ற வினையத்தானே காலையிலேர்ந்து சொல்லிட்டிருக்கோம்!" என்று பின்வரிசையில் யாரோ குரல் கொடுக்க, மண்டபமே சிரித்தது. முன்னால் உட்கார்ந்திருந்த விசாரணை அதிகாரிகள் மூவரும் சிரிக்கவில்லை. விதிப்படி எல்லோரும் வெளியே போயாக வேண்டும் என்றார்கள்.

டெல்ஃபினுக்கும் சிரிப்பு வரவில்லை. நேரம் வீணாகிக்கொண்டிருந்தது. ஆல்பர்ட்டாவில் தோண்டும் எண்ணெயைக் கடற்கரைக்குக் கொண்டுபோகும் குழாய், கனடாவின் பூர்வகுடிகளான எங்கள் பள்ளத்தாக்கைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகப்போகிறது. ஊர்க்காரர்கள் சொல்வதைக் கேட்டுப் பதிவுசெய்ய அதிகாரிகள் வந்தது இன்றைக்கு மட்டும்தான். சாயங்காலம் பனிமூட்டம் இறங்குவதற்குள் அவர்களுடைய சின்ன விமானம் கிளம்பிவிடும். இதுவரை பலர் பேசியாகிவிட்டது. குழாய் கடக்கப்போகும் அந்த ஓடையைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

டெல்ஃபினுக்கு அந்த ஓடையின் கல்லும் மண்ணும் அத்துப்படி. கல்யாணமான வருஷத்திலிருந்து புருஷன் பேசிலோடு அங்கேதான் வலை போட்டாள். எந்த இடத்தில் அடியிலிருந்து ஊற்று கசிந்து நடுக்குளிரிலும் தண்ணீர் உறையாமல் இருக்கும், சால்மன் மீன் எந்தச் சரளையில் முட்டையிடும், எந்தக் கரை வெறும் களிமண், அது எப்படி ஒரு வசந்தத்தில் மரங்களோடு சரிந்து விழுந்தது, எல்லாம் தெரியும். சரிந்த அந்தக் கரையில்தான் குழாய் வரப்போகிறது.

ஆனால் அதைச் சபையில் சொல்ல அவளுக்கு உரிமை கிடையாது. அவள் தவளைக் குலம். ஓடை ஓநாய்க் குலத்தினுடையது. ஒரு குலத்து நிலத்தின் கதையை இன்னொரு குலம் சபையில் எடுத்துச் சொன்னால் அது திருட்டு. பேசில் இறந்த பிறகு, குலத் தலைவராக அவன் தாங்கியிருந்த பெயரும் ஓடையும் அக்காள் மகன் எர்வினுக்கு வந்தன. எங்களில் மாமன் சொத்து மருமகனுக்குத்தான். வான்கூவரில் லாரி ஓட்டிக்கொண்டிருந்துவிட்டு, மாமனின் கடைசிக் காலத்தில் ஊர் திரும்பியவன் எர்வின். போன இலையுதிர் காலத்தில் எல்லாக் குலங்களையும் அழைத்து விருந்து வைத்து, அந்தப் பெயரை அவனுக்குச் சூட்டினார்கள்.

இப்போது அவன் வெளியே தன் வண்டியில் சாய்ந்துகொண்டு காப்பி குடித்துக்கொண்டிருந்தான். டெல்ஃபின் நேரே அவன் முன்னால் போய் நின்றாள்.

"என்ன மருமகனே, காப்பி ருசியா இருக்கா?"

"பரவால்ல அத்தை."

"காலையிலேர்ந்து நாலாவது கப்பு. வாயைத் திறக்கிறது அதுக்கு மட்டும்தானா?"

எர்வின் கப்பைப் பார்த்தான். "என் முறை வரட்டும்."

"உன் பேரை ரெண்டு தடவ கூப்பிட்டாங்க. ரெண்டு தடவையும் கக்கூஸ்ல போய் ஒளிஞ்சுக்கிட்ட. உன் மகனுக்கு குழாய்க் கம்பெனிக்காரன் சர்வே வேலை குடுத்திருக்கான்ல? அதான் நாக்கு ஒட்டிக்கிச்சா?"

"அவனுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

"பின்ன எதுக்குடா பயப்படற? உங்க மாமா இருந்திருந்தா அந்த மைக்கைப் பிடுங்கி வெச்சுக்கிட்டு பொழுது சாயறவரைக்கும் பேசியிருப்பாரு!"

"பேசறேன் அத்தை. பேசறேன். விடுங்க."

அலாரம் நின்று, எல்லோரும் உள்ளே போனதும் முதலில் டெல்ஃபினைத்தான் அழைத்தார்கள். கழுகு இறகைப் பிடித்துச் சத்தியம் செய்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தவளைக் குலத்து ஓடையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்திலேயே விசாரணைத் தலைவி குறுக்கிட்டாள்.

"அம்மா, நீங்க சொல்ற ஓடை குழாய் போற பாதையிலேயே இல்லையே?"

"இல்லதான்."

"அப்போ எதுக்கு அதைப் பத்திச் சொல்றீங்க?"

"எனக்குச் சொல்ல உரிமை இருக்கிறது அதைப் பத்தித்தான்."

"பாதையில இருக்கிற ஓடையைப் பத்தி உங்களுக்குத் தெரியுமா?"

டெல்ஃபின் உதட்டைக் கடித்துக்கொண்டாள். முன்வரிசையில் அவள் குலத்துப் பெண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரியும் என்று சொன்னால், சொல் என்பார்கள். சொன்னால் செத்துப்போன புருஷனுடைய குலத்திடமே திருடியவள் ஆவாள்.

"அதைச் சொல்ல வேண்டிய ஆளு அதோ, காப்பிப் பானை பக்கத்துல நிக்கறாரு," என்றாள்.

கம்பெனி வக்கீல் எதையோ குறித்துக்கொண்டார். தலைவி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எர்வினை அழைத்தாள்.

எர்வின் மெதுவாக நடந்து வந்து உட்கார்ந்தான். தன் பெயரையும் குலத்தையும் சொன்னான். அதை மட்டும் கம்பீரமாகத்தான் சொன்னான். டெல்ஃபினுக்கு நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது.

"எங்க குலத்துக்கு இந்தக் குழாய் வேண்டாம்," என்றான்.

"மன்னிக்கணும் ஐயா. வேணுமா வேண்டாமாங்கிறது இன்னிக்கு விஷயமில்ல. இன்னிக்கு அந்த இடத்தைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்கிறதை மட்டும்தான் கேக்கறோம். அந்த ஓடையில என்ன இருக்கு?"

எர்வின் இறகைப் பார்த்தான்.

"மீன் இருக்கு," என்றான்.

"எந்த இடத்துல முட்டை போடும்? கரை எப்படி?"

டெல்ஃபின் நாற்காலியின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். 'களிமண்ணுடா, களிமண்ணு!' வாய்வரை வந்த வார்த்தையை விழுங்கினாள்.

"கரை... நல்ல கரைதான்," என்றான் எர்வின்.

வக்கீல் நிமிர்ந்து பார்த்தார். "நல்ல கரைன்னு சாட்சி சொன்னதைப் பதிவு பண்ணிக்கணும்," என்றார் மரியாதையாக. "எனக்கு வேற கேள்வி இல்ல."

அவ்வளவுதான். நன்றி சொன்னார்கள். பெட்டிகளை மூடினார்கள். ரொவீனா காகிதத்தில் பொதிந்து நீட்டிய ரொட்டியையும் வாங்கிக்கொண்டு அதிகாரிகள் கிளம்பிவிட்டார்கள்.

எர்வின் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தான். இன்னும் சாவியைத் திருகவில்லை. டெல்ஃபின் ஜன்னல் கண்ணாடியைப் படபடவென்று தட்டினாள். அவன் இறக்கினான்.

"நல்ல கரையா? நல்ல கரையா அது? எவ்வளவுக்குடா வித்த?"

"நான் ஒண்ணும் விக்கல."

"சனிக்கிழமை தவறாம மாமாவும் மருமகனும் ஓடைக்குப் போறோம், ஓடைக்குப் போறோம்னு வண்டியை எடுத்துட்டுப் போனீங்களே, என்னத்தைப் பார்த்தீங்க அங்க?"

"பாலத்துக்கு அப்புறம் நடந்துதான் போகணும், அதுக்கு அவருக்கு மூச்சு பத்தாது. அங்கேயே வண்டிய நிறுத்திட்டு ரேடியோவுல ஹாக்கி கேப்போம். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னாரு. நீங்க மனசு விட்டுடுவீங்களாம்."

டெல்ஃபினின் கை கதவிலிருந்து நழுவியது. "சரி, அவருக்கு முடியல. அதுக்கு முன்னாடி? ஊரை விட்டுப் போறதுக்கு முன்னாடி, சின்னப் பிள்ளையில உங்க அம்மாவோட போயிருப்பியே! ஊர் பார்க்க அந்தப் பேரை வாங்கிக்கிட்டியே, அன்னிக்காவது எனக்குத் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

எர்வின் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன் கண்ணாடியையே பார்த்தான்.

"நம்ம பிள்ளைங்களை வெள்ளைக்காரங்க வீட்டுல வளர்க்கக் கொண்டுபோனப்ப, நாலு வயசுல என்னையும் கவர்மெண்ட் கார்ல ஏத்திட்டுப் போனாங்க, அத்தை. அந்தத் தண்ணியில நான் இன்னிவரைக்கும் கால் நனைச்சதே இல்ல."