வண்டியைத் தொடக் கூடாது

எனக்கு வாய்த்த கணவர்கள் இரண்டு பேர். குழப்பம் வராமலிருக்க ஒருவரைப் பழையவர் என்றும் மற்றவரைப் புதியவர் என்றும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டாலும் எனக்குக் கவலையில்லை. பழையவர் வேன் ஓட்டுகிறார், வாய் ஓயாது. புதியவர் சலூன் வைத்திருக்கிறார். நாள் முழுக்க அடுத்தவர் பேச்சைக் கேட்டே பழகியதாலோ என்னவோ, வீட்டிலும் வாயைத் திறக்க மாட்டார். நடுவில் என் மகள், வயது பதினொன்று. இவர்கள் மூவரையும் கட்டி மேய்ப்பது என் தலையெழுத்து.

மகளுக்கு உயிர் அவளுடைய டர்ட் பைக். சின்னப் பிள்ளைகள் மண் பாதையில் ஓட்டுகிற குட்டி வண்டி. பழையவர் வாங்கிக் கொடுத்தது. நாங்கள் பிரிந்தபோது அந்த வண்டிக்காக மட்டும்தான் சண்டை வரவில்லை. மகள் எங்கேயோ வண்டி அங்கே என்று முடிந்துவிட்டது. புதியவர் வீட்டுக்கு வந்த வாரமே அவள் என்னிடம் கறாராகச் சொன்னாள். "அவர் என் வண்டியத் தொடக் கூடாதும்மா. தொட்டாருன்னா நான் அப்பா வீட்டுக்கே போயிடுவேன்." சொன்னதைச் செய்கிற பிடிவாதக்காரி. அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம்.

புதியவர் அந்தப் பேச்சை மீறியதே இல்லை. ஷெட்டைப் பெருக்கும்போதுகூட வண்டியைச் சுற்றி ஒரு முழம் விட்டுவிட்டுத்தான் பெருக்குவார். பார்க்க எனக்குப் பாவமாகவும் இருக்கும், பற்றிக்கொண்டும் வரும். அவளிடம் ஏதாவது பேச வாயெடுப்பார்; அவள் உடனே ஹெல்மெட்டை மாட்டிக்கொள்வாள். அவளை அனுப்பிவிட்டு அவரோடு மட்டும் என்னால் இருக்க முடியாது. அது அவருக்கும் தெரியும், அதனால்தான் இன்னும் ஒதுங்கி ஒதுங்கி நடந்தார்.

மண்ணில் ஓடுகிற வண்டிக்கு ஏர் ஃபில்டர்தான் முக்கியம். பஞ்சு மாதிரி ஒரு நுரைத் துண்டு; புழுதியைத் தன்னோடு நிறுத்திக்கொண்டு என்ஜினுக்குக் காற்றை மட்டும் விடும். ஓட்டி முடித்ததும் அதைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் அலசி, முறுக்காமல் அமுக்கி, நிழலில் காயவைத்து, பிசுபிசுப்பான எண்ணெயை அளவாகத் தடவ வேண்டும். எண்ணெய் குறைந்தால் மண் உள்ளே போகும், கூடினால் காற்றே போகாது. இத்தனை நாளும் அதைப் பழையவர்தான் வந்து செய்துகொண்டிருந்தார்.

பிள்ளைகளுக்கான டர்ட் பைக் போட்டி ஒன்று வந்தது. அதற்கு முந்திய நாள், மகள் பின்வாசலில் உட்கார்ந்து அந்த வேலையைத் தானே செய்துகொண்டிருந்தாள். கையில் நான் பாத்திரம் கழுவுகிற மஞ்சள் கையுறை. எண்ணெயை ஓரமெல்லாம் பரப்பி, அமுக்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மிச்சத்தைத் துடைத்து எடுத்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்பாவிடம் மூச்சுவிடக் கூடாது என்றாள். ஜெயித்த பிறகு தானே சொல்லி அசத்தப் போகிறாளாம். கையுறை நாசமாய்ப் போனதைப் பற்றி நானும் மூச்சுவிடவில்லை.

மறுநாள் காலை வண்டியை வேனில் ஏற்றப் பழையவர் வந்தார். நான் உள்ளே மகளுடைய ஷூவைத் தேடிக்கொண்டிருந்தபோது, சீட்டைத் தூக்கி ஃபில்டரைப் பார்த்திருக்கிறார். எண்ணெய்க்கு நிறம் கிடையாது. நுரை புதுசு போலப் பளிச்சென்று இருந்திருக்கிறது. யாரோ கழுவியதோடு விட்டுவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டார். விரலால் ஒரு தடவை தொட்டிருந்தால் தெரிந்திருக்கும். தன்னைத் தவிர இந்த வீட்டில் எவருக்கும் இது தெரியாது என்கிற நினைப்பில், கழற்றக்கூடச் சோம்பல்பட்டு, எண்ணெய் டப்பாவைச் சாய்த்துத் தாராளமாக ஊற்றி மூடிவிட்டார்.

மைதானத்துக்குப் புதியவரும் வந்திருந்தார். கொடி இறங்கியதும் மற்ற வண்டிகள் சீறிக்கொண்டு போயின. மகளுடைய வண்டி இருமியது. கரும்புகையைக் கக்கிக்கொண்டு முதல் திருப்பத்திலேயே நின்றுபோனது. ஓரமாகத் தள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டு சுற்றுப் போட்டி, இரண்டாவது சுற்று பாக்கி இருந்தது. ஆனால் அவள் தலை நிமிரவில்லை. ஹெல்மெட்டுக்குள் அழுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

பழையவர் ஃபில்டரை வெளியே இழுத்தார். எண்ணெய் சொட்டியது.

"நான் காலையில ஊத்துனது இவ்வளவு இல்ல. அதுக்கு முன்னாடியே யாரோ போட்டிருக்காங்க. யாரு கைய வெச்சது?"

கேள்வி பொதுவாகத்தான் வந்தது. பார்வை மட்டும் புதியவர் மேல் இருந்தது. மகள் அசையாமல் நின்றாள். அப்பாவை அசத்த என்று பார்த்துப் பார்த்துச் செய்த வேலை, அப்பாவே திட்டுகிற வேலையாகிவிட்டது. நான் சொல்ல வாயெடுப்பதற்குள் புதியவர் முந்திக்கொண்டார்.

"நான்தான் போட்டேன். தெரியாம செஞ்சுட்டேன்."

வண்டிப் பக்கம் துடைப்பத்தைக்கூடக் கொண்டுபோகாத மனிதர், மகள் வீட்டை விட்டுப் போவதற்குத் தானே காரணம் எடுத்துக் கொடுக்கிறார். என்னைப் பார்த்து, சும்மா இரு என்பதுபோல லேசாகத் தலையசைத்தார். நான் சும்மா இருந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு கஷ்டப்பட்டு எதையும் செய்ததில்லை.

பழையவர் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். தெரியாத வேலையில் எதற்கு மூக்கை நுழைக்க வேண்டும், கத்தரிக்கோல் பிடித்தோமா போனோமா என்று இருக்க வேண்டியதுதானே என்று அடுக்கிக்கொண்டே போனார். புதியவர் குனிந்த தலை நிமிராமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். மகள் அவரையே பார்த்தாள். அவர் சொல்வது பொய் என்று என்னைப் போலவே அவளுக்கும் தெரியும். அதை அவளைக் காப்பாற்றத்தான் சொல்கிறார் என்பதும் அவளுக்குப் புரிய வெகுநேரம் ஆகவில்லை.

ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"அவர் இல்லப்பா. அவர் என் வண்டியத் தொட்டதே இல்ல. நான்தான் போட்டேன். சரியாத்தான் போட்டேன். நீங்கதான் பார்க்காம மேல ஊத்திட்டீங்க."

பழையவருக்குப் பேச்சு வரவில்லை. அவரோடு குடும்பம் நடத்திய காலத்தில் நான் காணாத காட்சி. ஆனாலும் மனிதரைக் குறை சொல்லக் கூடாது. "நீயா போட்ட?" என்று தணிந்த குரலில் கேட்டார். அவள் தலையாட்டினாள். தப்பு தன்னுடையதுதான் என்று முணுமுணுத்தவர், புதியவரின் தோளை ஒரு தடவை தட்டிவிட்டு, புகை படிந்த ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றித் துடைக்க ஸ்பேனர் எடுக்க வேனுக்குப் போனார்.

அடுத்த சுற்றுக்குக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஃபில்டரில் கூடிப்போன எண்ணெயை ஒற்றியெடுக்கச் சுத்தமான துணி ஒன்றுக்காக நான் பையைக் கிளறினேன், அகப்படவில்லை. புதியவர் சட்டையைக் கழற்றி, பனியனோடு எட்ட நின்றபடியே நீட்டினார். மகள் சட்டையை வாங்கவில்லை. அப்பா கழற்றி வைத்திருந்த ஃபில்டரை எடுத்துக்கொண்டு கிட்டே போய், அந்தச் சட்டையின் மேல் வைத்தாள்.

"முறுக்காதீங்க, கிழிஞ்சிடும். அமுக்கணும்."

அவர் சட்டையை மடித்து மூடி அமுக்கினார். எங்கே கிழித்துவிடுவோமோ என்று பூவைத் தொடுவதுபோலத் தொட்டுக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் பலமா, ஒண்ணும் ஆகாது என்று அவள் தன் கையை அவர் கைமேல் வைத்து அழுத்திக் காட்டினாள். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் புழுதி எல்லாம் விழவில்லை, அழுதுகொண்டிருந்தேன்.