குடிபாலாவின் பைன் புல்லுருவி

பைன் மரங்களில் வளரும் அபூர்வப் புல்லுருவிகளை வகைப்படுத்துவதில் பேராசிரியர் ஆதிநாராயணனுக்கு இணையாகத் திருப்பதியில் யாரும் கிடையாது. திருப்பதியில் பைன் மரமும் கிடையாது என்பதால் போட்டிக்கு ஆள் வரவில்லை. இமயமலையில் அந்தச் செடி எங்கெங்கே பரவியிருக்கிறது என்று வரைபடம் போட்டே பதவி உயர்வு வாங்கியவர், குளிர் உடம்புக்கு ஆகாதென்று அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

அவரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருந்த யசோதா, நகரி பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். இமாச்சலுக்கு அனுப்புங்கள் என்று கேட்கும்போதெல்லாம், "செடியைப் பார்த்தாதான் ஆராய்ச்சியா? படிம்மா" என்பார்.

ஒரு மே மாதம் அவரே ஆய்வகத்துக்கு ஓடிவந்தார். சித்தூர் பக்கம் குடிபாலாவில் ஒரு கிரானைட் முதலாளியின் தோட்ட பங்களாவுக்கு விருந்துக்குப் போனாராம். அலங்காரத்துக்கு வளர்த்த பைன் மரத்தில் புல்லுருவி!

"தென்னிந்தியாவுக்கே புதுசும்மா. பேரு கூட வெச்சுட்டேன்" என்று போனை நீட்டினார். வைத்தது அவருடைய பெயரைத்தான். வாலில் மட்டும் கொஞ்சம் லத்தீன்.

யசோதா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இமயத்துப் பைன் புல்லுருவி இலையே இல்லாத பச்சைக் குச்சி. விரல் நகம் அளவுகூடத் தேறாது. இதிலோ உள்ளங்கை அகலத்துக்கு இலை, ஆரஞ்சு நிறக் குழல் பூ.

"சார், இது மாமரத்துல வர்றது மாதிரி கீது. எங்க தோப்புல கூட நிறைய..."

"அது மாமரத்துல. இது பைன்ல. அதனாலதாம்மா புதுசு!"

அந்த வாரமே தெலுங்குப் பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்தது. உறுதிசெய்ய, கோவையிலிருந்து ஜமீலா என்ற தாவரவியல் நிபுணரை அழைத்தார்கள். அறிவிப்பு விழாவுக்காக மரத்தைச் சுற்றிப் பந்தல் போட்டார்கள்.

விழாவுக்கு முந்தின நாள் யசோதா மட்டும் போய் மரத்தின் பின்பக்கம் பார்த்தாள். பார்த்ததும் பேராசிரியருக்குப் போன் போட்டாள்.

"சார், செடி இருக்கிறது மாங்கிளையில. பக்கத்துத் தோப்புலருந்து சுவரு தாண்டி வந்து பைனுக்குள்ள பூந்துக்கினு கீது."

"ரிப்பன் வாங்கியாச்சும்மா" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் ஜமீலா பந்தலுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தார். புல்லுருவிக் கொத்துக்கு அருகில் பெங்களூரா மாங்காய் ஒன்று கொழுகொழுவென்று தொங்கியது.

"பேராசிரியரே, உங்க பைன் காய்ச்சிருக்கே!"

கூட்டம் சிரித்தது. ஆதிநாராயணன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இதெல்லாம் இந்தப் பொண்ணு கண்டுபிடிச்சு சொன்னது மேடம். ஸ்டூடண்ட் இல்லையா, அவசரம்" என்றார்.

யசோதாவுக்குக் காது மடல் வரை சுட்டது. பட்டம் அவர் கையெழுத்தில் இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"இல்லைங்க மேடம். மாங்கிளைன்னு நேத்தே சாருக்கு போன் பண்ணி சொன்னேன். ரிப்பன் வாங்கியாச்சுன்னு வெச்சுட்டாரு."

கேமராக்காரர் வந்துவிட்டதால் முதலாளி ரிப்பனை வெட்டியே விட்டார்.

யசோதா வேறொரு பேராசிரியரிடம் மாறினாள். சித்தூர் மாந்தோப்புகளின் புல்லுருவிகளைத் தலைப்பாக எடுத்தாள். படித்ததில் பாதி வீணாயிற்று. துறையில் யாரும் அவளோடு டீ குடிக்க வரவில்லை. அவள் தோப்பு தோப்பாக வெயிலில் சுற்றினாள்.

ஆதிநாராயணனுக்கோ ஒரு குறையும் வரவில்லை. சித்தூரில் நடந்த மா விவசாயிகள் கூட்டத்துக்கு, மாமரப் புல்லுருவி நிபுணர் என்று அவரைத்தான் அழைத்தார்கள். இமயமலை வரைபடத்தைத் திரையில் போட்டு வெகுநேரம் பேசினார். கடைசியில் ஒரு விவசாயி எழுந்தார்.

"அதெல்லாம் சரிங்க சார். இதை எப்படி ஒழிக்கிறது?"

"அது... இன்னும் ஆழமா ஆராய வேண்டிய விஷயம்."

பின்வரிசையில் விவசாயிகளோடு உட்கார்ந்திருந்த யசோதாவின் குரல் வந்தது. "புல்லுருவி பழம் வைக்கிறதுக்கு முன்னாடியே, ஒட்டின இடத்துக்கு ஒரு முழம் கீழ கிளையோட வெட்டிடுங்க. பாவம் பார்த்து இலையை மட்டும் கிள்ளினா திரும்பத் துளுத்துக்கும்."

நாற்காலிகள் ஒவ்வொன்றாகப் பின்பக்கம் திரும்பின. மேடையில் ஆதிநாராயணன் அடுத்த வரைபடத்தைப் போட்டார்.