இடது காது

என் கணவர் மேடைப் பாடகர். நான் அவருடைய சவுண்ட் ஆள். கல்யாணமாகி ஒன்பது வருஷமாக அரங்கத்தின் பின்வரிசையில், மிக்ஸர் முன்னால்தான் என் குடித்தனம்.

பாடுகிறவர்கள் காலடியில் ஒரு ஸ்பீக்கர் இருக்கும், வாத்தியங்களைக் கேட்டுக்கொண்டே பாடுவதற்கு. இவருக்கு அதில் இவர் குரலைத் தவிர வேறு ஒரு பொட்டுச் சத்தம் வரக் கூடாது. "நாங்க வாசிக்கிறோமா தூங்குறோமான்னே அண்ணனுக்குத் தெரியாது அண்ணி" என்பார் கீபோர்டுக்காரர். சிரித்துத் தொலைப்பேன். வீட்டிலும் அதே கதைதான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

காரில் ஏறியதுமே ஆரம்பித்துவிடுவார். "எப்படிப் பாடினேன்?" பாட்டுக்குப் பாட்டு சொல்ல வேண்டும். ஒன்றை விட்டுவிட்டாலும் இரண்டு நாளைக்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

போன மாதம் ஒரு நிகழ்ச்சியில், இடப்பக்கம் சத்தம் குறைகிறதே என்று கூட்டிக்கொண்டே போனேன். அந்தப் பக்கத்து ஜனங்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். "செவிடாடி நீ?" என்று மைக்கிலேயே கேட்டார். மானம் போயிற்று. மறுநாள் டாக்டரிடம் போனேன். ஆமாம், செவிடுதான். இடது காது போய்விட்டது, இந்த வேலையை விடாவிட்டால் வலதும் போய்விடும் என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். தன் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அதை நிறுத்தவில்லை.

"வலது காது இருக்குல்ல?"

"அதுவும் போயிடும்ங்க."

"சனிக்கிழமை பெரிய ப்ரோக்ராம்னு தெரிஞ்சும் இப்ப வந்து சொல்றியே, எனக்கு எவ்வளவு டென்ஷன் தெரியுமா?" பிறகு திரும்பாமலே கேட்டார். "நீ என் வொய்ஃப்னு டாக்டர்கிட்ட சொன்னியா? என்ன சொன்னாரு?"

அடப்பாவி, வலிக்குதா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மிச்சக் காதையும் கொடுத்திருப்பேனே!

சனிக்கிழமை போனேன்தான், புத்தி கெட்டு. முதல் பாட்டிலேயே மேடையிலிருந்து கையை மேலே மேலே ஆட்டினார், இன்னும் கூட்டச் சொல்லி. கூட்டினேன். வலது காதில் கொய்ங்கென்றது. அவர் கை நிற்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி அரங்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து அக்கா ஊருக்கு பஸ் ஏறினேன்.

அக்கா வீட்டுப் படியேறும்போது போன் அடித்தது. எங்கே இருக்கிறாய் என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். வெட்கங்கெட்ட மனசு.

"பாதியில போயிட்டியே, கடைசிப் பாட்டு எப்படி இருந்துச்சுன்னு இப்ப யாரு சொல்லுவா?"

போனை இடது காதுக்கு மாற்றிக்கொண்டேன். அக்கா வந்து கதவைத் திறக்கும்வரை அவர் பேசிக்கொண்டுதான் இருந்திருப்பார்.