ஒருத்திக்கு மட்டும் பிரெஞ்சு

மலாவி ஏரிக்கரையில் இருந்த எங்கள் சின்ன உயர்நிலைப் பள்ளியில், மூன்றாம் படிவம் போனதும் விருப்பப் பாடம் ஒன்று எடுக்க வேண்டும். வகுப்பு மொத்தமும் விவசாயம் எடுத்தது. விவசாயம் என்றால் தோட்டம் உண்டு, தோட்டத்தில் தக்காளி உண்டு, பறித்துத் தின்றால் கேட்பார் கிடையாது. என் தோழி தவோங்கா மட்டும் பிரெஞ்சு எடுத்தாள். அவள் அக்கா புருஷன் புருண்டிக்காரர். அவர் போனில் பிரெஞ்சில் பேசுவதைக் கேட்டுக் கேட்டு ஆசை வந்துவிட்டது.

பிரெஞ்சு வாத்தியார் ந்யிரோங்கோ சார். ஒரே ஒருத்திதானே என்று அவர் எதிலும் இறங்கி வரவில்லை. இரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பவளைப் பார்த்துத் தினமும் வருகைப் பதிவு எடுப்பார். கேள்வி கேட்டுவிட்டு, "தெரிஞ்சவங்க கை தூக்குங்க" என்று அறை முழுக்கக் கண்ணை ஓட்டுவார்.

"நிம்மதியா ஒரு கொட்டாவி விட முடியலடி தெம்வா," என்று மதியம் சீமா என்கிற சோளக்களியும் பொடி உசிப்பா மீனும் சாப்பிடும்போது என்னிடம் புலம்புவாள். "உங்க வகுப்புல ஒருத்தன் திட்டு வாங்கினா மத்தவங்க சிரிக்கலாம். இங்க திட்டு வாங்குறதும் நான்தான், சிரிக்கிறதும் நான்தான். ஜன்னல் பக்கம் திரும்பினா, 'என்ன, வகுப்பே வெளிய வேடிக்கை பாக்குது'ங்கிறார்."

இரண்டாம் பருவத்தில் கல்வி அதிகாரி வருகிறார் என்று சேதி வந்தது. தலைமையாசிரியை ஹராவா மேடம் பிரெஞ்சு வகுப்புப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். ஒரு பிள்ளைக்காக ஒரு பாடமா என்று அதிகாரி கேட்டால் பிரெஞ்சை மூடிவிடுவார்கள், வாத்தியாரையும் மாற்றிவிடுவார்கள். அதனால் விவசாய வகுப்பில் நுழைந்து பத்துப் பன்னிரண்டு பேரைக் கிளப்பினார். நானும் இருந்தேன். சுஸ்கோவும் இருந்தான். எங்கள் மொழியில் அந்தப் பெயருக்குத் தொல்லை என்று பொருள். பெற்றவர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

"யாரும் வாயத் திறக்காதீங்க. சிரிச்ச முகமா உக்காந்திருங்க. மீதிய தவோங்கா பாத்துக்குவா," என்றார் மேடம்.

எதற்கும் இருக்கட்டும் என்று தவோங்கா எங்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிக் கொடுத்தாள். நன்றி சொல்ல ஒன்று, புரிந்தது என்று சொல்ல ஒன்று.

ந்யிரோங்கோ சார் உள்ளே வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். பெஞ்சு நிறையப் பிள்ளைகள். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அப்புறம் நடந்ததை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. சந்தையில் பேரம் பேசுவதுதான் பாடம். சார் மேசைத் துணியை உருவி இடுப்பில் கட்டிக்கொண்டு மீன்காரி ஆகிவிட்டார். இடுப்பை ஒடித்து நடந்தார், ஈ விரட்டினார், மூக்கைச் சிந்தினார். சுஸ்கோவை மேசைமேல் படுக்கப்போட்டு, இன்று காலைதான் பிடித்த மீன் என்று செவுளைத் தூக்கிக் காட்டினார். ஒரு வார்த்தை புரியாமலே வயிறு வலிக்கச் சிரித்தோம்.

தவோங்கா சிரிக்கவில்லை. முகம் உப்பிப் போயிருந்தது. "ரெண்டு பருவமா இங்கயே உக்காந்திருக்கேன். எனக்காக ஒரு நாள் மீன் வித்திருக்காரா?" என்று என் காதில் சீறினாள்.

அந்த நேரம் பார்த்து அதிகாரி கோன்ட்வே அம்மா, ஹராவா மேடத்தோடு உள்ளே வந்தார். மேசையிலிருந்து அவசரமாக எழுந்த சுஸ்கோதான் அவர் கண்ணில் முதலில் பட்டான். பிரெஞ்சில் ஏதோ கேட்டார். சுஸ்கோ, புரிந்தது என்றான். மறுபடி கேட்டார். நன்றி என்றான்.

அம்மா எங்கள் மொழிக்கு வந்தார். "தம்பி, உன் பேரைத்தான் கேட்டேன்."

"சுஸ்கோ மேடம். நான் விவசாயம். இன்னிக்கு மட்டும் மீனா வந்திருக்கேன்."

ஹராவா மேடம் கூரையைப் பார்த்தார்.

"நெசமா பிரெஞ்சு படிக்கிறது யாரு?"

தவோங்கா எழுந்தாள். அம்மா ஒன்று கேட்டார். அவள் பத்துச் சொன்னாள். கையை ஆட்டினாள், சாரைக் காட்டினாள், எங்களைக் காட்டினாள், மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் தொடங்கினாள். அம்மா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். சார் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் அவளை மொய்த்துக்கொண்டோம். "அவ்வளவு நேரம் என்னடி பேசின?"

"சார் மேல புகார் சொன்னேன். கூட்டம் இருந்தா மீன்காரி ஆகுறார், நான் மட்டும்னா போலீஸ்காரர் ஆகுறார்னு."

அந்தப் புகாரில் ஒரு பிழைகூட இல்லை என்று அதிகாரியே ஹராவா மேடத்திடம் சொன்னாராம். இப்படிப் பேசவைத்த வாத்தியாரை மாற்ற மனசு வரவில்லை, ஆனால் அடுத்த பருவத்துக்குள் ஐந்து பேராவது சேர வேண்டும், அதுவும் கடன் வாங்கிய பிள்ளைகளாக இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் சார் வருகைப் பதிவு எடுக்கவில்லை. பெஞ்சின் மறுமுனையில் வந்து உட்கார்ந்தார். "நாலு பேரு முன்னாடின்னா எனக்கு நடிப்பு தானா வருதும்மா. ஒருத்தி முன்னாடி வெக்கமா இருக்கு," என்றார்.

"எனக்கும்தான் சார்," என்றாள் தவோங்கா. "தப்பாப் பேசினா மறைய யாருமில்ல."

பருவம் முடிவதற்குள் ஆறு பேர் சேர்ந்தோம். முதல் ஆள் சுஸ்கோதான். தினமும் சந்தை நடக்கும் என்று நம்பி வந்தவன். முதல் வாரமே வினைச்சொற்கள் வந்தன. ஒரே சொல் ஆளுக்கொரு மாதிரி வாலை மாற்றிக்கொண்டது. சுஸ்கோ நேரே ஹராவா மேடத்தின் அறைக்குப் போய், விவசாயத்துக்கே திரும்பிவிடலாமா என்று கேட்டான்.

"தாராளமா," என்றார் மேடம். "பள்ளிக்கூடம் முடிஞ்சதும் போய் தக்காளிக்குத் தண்ணி ஊத்து. இப்ப வகுப்புக்கு ஓடு."