அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்

1

இது நான் திருடிய கதை. டேட்டாபேஸ் வேலை பார்க்கும் என் தம்பி மனைவி துணி மடித்துக்கொண்டே புலம்பியது: "ஒரு கட்டத்தை மட்டும் மாத்தப் போனேன் அண்ணி, வரி முழுக்க மாறிப்போச்சு." பிரிந்து வாழும் தம்பதியை மட்டும் நான் சேர்த்தேன்.

முதல் தொடக்கம்: மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில் அவள்...

(வேண்டாம். மழையை வைத்தே நாற்பது கதை ஓட்டியாயிற்று. எனக்கே அலுத்துவிட்டது.)

2

அவள் நிரல் எழுதுகிறவள். அவன் அதே கம்பெனியில் கிடங்குப் பொறுப்பாளன். பிரிந்து எட்டு மாதம்.

அன்று அவளுக்கு, ஊழியர் பதிவுகளில் தொலைபேசி எண்களை ஒரே மாதிரி ஆக்கும் வேலை. அவள் பயன்படுத்தும் ஓ.ஆர்.எம். என்ற மென்பொருள், டேட்டாபேஸிலிருந்து ஓர் ஆளின் எல்லா விவரக் கட்டங்களும் அடங்கிய வரியை முழுசாக எடுத்துக் கையில் கொடுக்கும். சேமிக்கச் சொன்னால், தொடாத கட்டங்களையும் சேர்த்து முழுசாகவே திருப்பி எழுதும்.

பதினொரு மணிக்கு எடுத்தாள். திருத்தி, சாப்பிட்டுவிட்டு வந்து, இரண்டு மணிக்குச் சேமித்தாள். இடையில் பன்னிரண்டரைக்கு அவன் தன் பதிவைத் திறந்து, 'அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்' கட்டத்தில் மனைவியை எடுத்துவிட்டு அக்காவைப் போட்டிருந்தான். அவள் கையிலிருந்த பழைய வரி அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. மறுபடியும் மனைவி.

3

மூன்று மணிக்கு அவன் அழைத்தான். எட்டு மாதத்தில் முதல் தடவை.

"அவசரத்துக்கு அழைக்கிற கட்டத்துல அக்கா பேரைப் போட்டேன். உன் பேர் திரும்ப வந்து நிக்குது."

"எல்லாருக்கும் நம்பர் சரி பண்ணினேன். அதுல உன்னோடது பழசாயிடுச்சு."

"வேணும்னே பண்ணலையே?"

"வேணும்னு பண்ணியிருந்தா உங்கக்கா பேரை அப்படியே விட்டுட்டு, நம்பரைத் தப்பாப் போட்டிருப்பேன்."

அவன் சிரித்துவிட்டான்.

"இப்ப எதுக்கு மாத்தின?"

"போன வாரம் ஏணியிலேர்ந்து விழுந்தேன். கிடங்கு போன்லேர்ந்து உன்னைக் கூப்பிட்டாங்க. நீ எடுக்கல."

தெரியாத எண். விளம்பரமாக இருக்கும் என்று அவள்தான் துண்டித்திருந்தாள்.

"அடி பலமா?"

"வலது மணிக்கட்டு. கட்டுப் போட்டிருக்கு."

['சரி, உன் பேரே இருக்கட்டும்' என்று இங்கே அவனைச் சொல்லவைத்தேன். என் வாசகிகளுக்குப் பிடித்திருக்கும். அவள்தான் நம்பமாட்டாள். கோடு போட்டு அடித்துவிட்டேன்.]

"இடது கையால அதை அடிக்கவே அரை மணி ஆச்சு," என்றான். "நீயே சரி பண்ணிடு."

4

அந்த ஒரு கட்டத்தை மட்டும் எழுதும்படி இம்முறை கட்டளை அமைத்தாள். நாத்தனார் எண் அவளுக்கு மனப்பாடம். அடித்தாள். சேமிக்கவில்லை.

முடிவு ஒன்று: சேமித்துவிட்டு, கழிப்பறைக்குப் போய் முகம் கழுவி...

முடிவு இரண்டு: அடித்ததை அழித்துவிட்டுக் கிடங்குக்கு நடந்தாள். ஏணிக்குப் பக்கத்தில் அவன்...

இரண்டும் என் பழைய கதைகளின் வாசனை அடிக்கின்றன. எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான்: கைபேசியில் அந்தத் தெரியாத எண்ணைத் தேடி எடுத்து, 'கிடங்கு' என்று பெயர் போட்டுச் சேமித்துக்கொண்டாள்.

மிச்சமிருக்கும் கட்டத்தில் யார் பெயர் என்று நீங்கள் எழுதுங்கள். மற்றதைத் தொட்டுவிடாமல்.